31ஆம் தேதி ‘அடுத்த மாதம்’ அழுத்தினால் பிப்ரவரி வருவதில்லை, தேதியும் ஒருநாள் குறைந்து பதிவாகிறது – உதவி தேவை

ஊசிநூல்:
வணக்கம். அம்மாவின் தையல் கடைக்காக ஒரு சின்னப் பக்கம் செய்திருக்கிறேன். மாதக் காலண்டர் தெரியும், தேதியைத் தொட்டால் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய துணிகளின் பட்டியல் வரும். லைப்ரரி எதுவும் சேர்க்கவில்லை, வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஜனவரி 31 சாயங்காலம் அம்மா ‘அடுத்த மாதம்’ பொத்தானை அழுத்தினார், நேரே மார்ச் 2026 வந்து நின்றது. மறுநாள் காலையில் திறந்தால் ஒரு குறையும் இல்லை. இன்றைய தேதியை ஒரு மாறியில் வைத்து, செட்மன்த் கொண்டு மாதத்தில் ஒன்று கூட்டுகிறேன். அவ்வளவுதான் செய்திருக்கிறேன்.

அடுத்தது, 14ஐத் தொட்டால் 13 என்று சேமிக்கிறது. தேதியை எழுத்துச் சரமாக மாற்றும் டூ ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் கொடுப்பதில் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கிறேன். இதனால் ஒரு கல்யாண ரவிக்கையை 13ஆம் தேதிக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்து அம்மா ராத்திரி கண்விழித்துத் தைத்து முடித்தார். அவர்கள் மறுநாள்தான் வந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

மூன்றாவது, மே மாதத்தில் 31 காணோம். ஆகஸ்டில் 30, 31 இரண்டும் காணோம்.

கரிசல்காடு:
முதல் சிக்கலில் நானும் ஒருதரம் சிக்கியிருக்கிறேன். உங்கள் மாறியில் இருப்பது ஜனவரி 31. மாதத்தை மட்டும் ஒன்று கூட்டினால் ‘பிப்ரவரி 31’ ஆகிறது. அப்படி ஒரு நாள் இல்லாததால் மிச்ச மூன்று நாளையும் தள்ளி மார்ச் 3 என்று வைத்துக்கொள்கிறது. பிழைச்செய்தியும் வராது. மாதம் கூட்டுவதற்கு முன்னால் செட்டேட் மூலம் நாளை 1 ஆக்கிவிடுங்கள்.

கட்டம் எத்தனை போட்டிருக்கிறீர்கள்? ஐந்து வரிசை, 35 கட்டமாகத்தான் இருக்கும். 2026 மே 1 வெள்ளிக்கிழமை. ஞாயிறில் தொடங்கும் காலண்டரில் முன்னால் ஐந்து காலிக் கட்டம் போனால் மீதி 30தான். ஆகஸ்ட் 1 சனிக்கிழமை, ஆறு கட்டம் போய்விடும். ஆறு வரிசை, 42 கட்டம் நிரந்தரமாகப் போடுங்கள். மாதத்துக்கு மாதம் உயரம் மாறினால் பொத்தான் விரலுக்கடியில் நகர்ந்துகொண்டே இருக்கும், கைபேசியில் அது பெரிய தொல்லை.

14 ஏன் 13 ஆகிறது என்றால், அந்தச் சரம் கிரீன்விச் நேரத்தில் வருகிறது. மாற்றுவதற்கு முன் ஐந்தரை மணிநேரம் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும்.

மாலைநேரம்:
முதல் இரண்டும் நூற்றுக்கு நூறு சரி. ஐந்தரை மணிநேரம் கூட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நம் ஊர் நள்ளிரவு, கிரீன்விச்சில் முந்தைய நாள் மாலை 6.30. அதனால்தான் 13 வந்தது. இங்கே ஐந்தரை கூட்டினால் ஒத்துப்போகும். சிங்கப்பூரில் அதே பக்கத்தைத் திறந்தால்? அங்கே எட்டு மணிநேர வித்தியாசம். அவர்களின் நள்ளிரவு, கிரீன்விச்சில் முந்தைய நாள் மாலை 4. ஐந்தரை கூட்டினாலும் இரவு 9.30தான், இன்னும் 13தான்.

துணி கொடுக்கும் தேதிக்கு மணி, நிமிடம் எதற்கு? ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்ஃபுல்இயர், கெட்மன்த், கெட்டேட் மூன்றும் உள்ளூர்க் கணக்கில்தான் தரும். மாதம் 0இலிருந்து எண்ணப்படுவதால் ஒன்று கூட்டி, ஒற்றை இலக்கத்துக்கு முன் பூஜ்ஜியம் வைத்து, இடையில் கோடு போட்டு நீங்களே சரத்தைக் கோத்துக்கொள்ளுங்கள். திரும்பப் படிக்கும்போதும் கோடு உள்ள இடத்தில் பிரித்து எண்ணாக்குங்கள். முழுச் சரத்தையும் நியூ டேட்டிடம் கொடுத்தால் கிரீன்விச் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் காலை 5.30 என்பதால் தப்பு தெரியாது, டொராண்டோவில் இருப்பவருக்கு முந்தைய நாள் காட்டும்.

மாதத்துக்கு எத்தனை நாள் என்று பட்டியல் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்த மாதத்தின் 0ஆம் நாளைக் கேட்டால் இந்த மாதத்தின் கடைசி நாள் வரும். லீப் ஆண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஊசிநூல்:
சிங்கப்பூர் என்று எப்படி எழுதினீர்களோ தெரியவில்லை, அண்ணன் அங்கேதான் இருக்கிறார், கணக்கு அவர்தான் பார்க்கிறார்! இருவருக்கும் நன்றி.

இன்னொன்று. வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் ‘ஆடி 18க்கு வேணும்’, ‘ஆவணி 5 முகூர்த்தம்’ என்றுதான் சொல்கிறார்கள். கட்டத்தின் ஓரத்தில் தமிழ்த் தேதியும் வரவைக்க முடியுமா? உலாவியிலேயே ‘இந்தியன்’ என்று ஒரு காலண்டர் இருப்பதாகப் பார்த்தேன்.

மாலைநேரம்:
அதைத் தொடாதீர்கள். அது 1957 மார்ச் 22 முதல் அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த சக ஆண்டுக் காலண்டர். அதில் சைத்ரம் மார்ச் 22ஆம் தேதி பிறக்கும், லீப் ஆண்டில் 21. நம் சித்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்துப் பிறக்கிறது. அஸ்தமனத்துக்கு முன் மாறினால் அன்றே மாதப்பிறப்பு, பின் என்றால் மறுநாள். அதனால் மார்கழி 29 நாளிலும் முடியும், ஆனி 32 வரையும் போகும். இதை நிரலில் கணிப்பதைவிட, அம்மா கடையில் தொங்கும் காலண்டரைப் பார்த்து வருடத்துக்குப் பன்னிரண்டு மாதப்பிறப்புத் தேதிகளை ஒரு பட்டியலில் எழுதிவிடுங்கள். இந்த ஆண்டு சித்திரை 1 ஏப்ரல் 14. தொட்ட தேதியையும் அதற்கு முந்தைய மாதப்பிறப்பையும் டேட்.யூடிசி வழியாக மில்லிவினாடி எண்ணாக்கிக் கழித்து, ஒரு நாளின் மில்லிவினாடிகளான 8,64,00,000 ஆல் வகுத்து, ஒன்று கூட்டினால் தமிழ்த் தேதி. மாதப்பிறப்பு அன்றே தொட்டால் கழித்தது பூஜ்ஜியம், விடை 1.

ஊசிநூல்:
எல்லாம் மாற்றிவிட்டேன். கணினியின் தேதியை ஜனவரி 31க்கு வைத்து அழுத்தினேன், பிப்ரவரி வந்தது. நேரமண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி 14ஐத் தொட்டேன், 14தான் பதிவானது. அண்ணனும் அங்கிருந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். பன்னிரண்டு மாதப்பிறப்பையும் அம்மா வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேன்.