தாராவி பால்வாடிப் பிள்ளைங்களுக்கு உதவி வேணும்

மும்பை தமிழ் உறவுகளே, வணக்கம். இந்தக் குழுவுல ரோட்டரி, லயன்ஸ் சங்கத்துக்காரங்க இருந்தா கொஞ்சம் கைகொடுங்க.

90 அடி சாலைப் பக்கம் எங்க சந்துல குழாயில தண்ணி வர்றது கொஞ்ச நேரம்தான். அதனால வாசலுக்கு வாசல் நீல டிரம்மு, பக்கத்துலயே வாளி. நடை பழகுற பிள்ளை வாளிக்குள்ள எட்டிப் பார்த்தா தலை கனத்துலயே கவுந்திடும். சத்தமே கேக்காது, ரெண்டு நிமிஷம் போதும். அழுத்திப் பூட்டுற மூடிதான் முதல் தேவை. மாடிக்கு ஏறுற இரும்பு ஏணிகளுக்கும் தடுப்பு வேணும்.

பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னா கூப்பிடுற 1098 உதவி நம்பரைத் தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி ஒட்டணும். தப்பான தொடுதல் பத்தி பிள்ளைங்ககிட்ட பக்குவமா பேசத் தெரிஞ்ச அக்காமார் ஞாயித்துக்கிழமை வர முடியுமா? ஒருநாள் போட்டோ எடுத்துட்டுப் போற உதவி வேண்டாங்க, மாசாமாசம் வர்றவங்க வேணும். பணமா வேண்டாம், பொருளாவே குடுங்க. முடிஞ்சவங்க கீழ சொல்லுங்க.