பழைய கேம்களைத் திரும்ப ஆடியவர்கள் எழுதுங்கள்: எது இன்றும் நிற்கிறது, எதற்கு என்ன பராமரிப்பு?

நிலவறை

பழைய கேமைப் புது லேப்டாப்பில் ஏற்றி, பத்து நிமிடம் ஆடிவிட்டு, "இதையா விழுந்து விழுந்து ஆடினோம்" என்று மூடிவைப்பவர்கள் நிறைய. பெரும்பாலும் கேம் மேல் தப்பில்லை. அது எழுதப்பட்ட வேகத்தில் ஓடவில்லை, எழுதப்பட்ட திரை அளவில் தெரியவில்லை. இரண்டையும் சரிசெய்துவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லலாம். எந்த கேம், எதில் ஓட்டினீர்கள், எந்த இடத்தில் மாட்டும், மாட்டினால் என்ன வழி என்று எழுதுங்கள். முதலில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா.

ஜோர்டன் மெக்னர் 1989-ல் ஆப்பிள் II கணினிக்காகச் செய்தது. டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய பிசி இயங்குதளம்) பதிப்பு 1990-ல் வந்தது. 64-பிட் விண்டோஸில் அந்த டாஸ் கோப்பை நேரடியாகத் திறக்க முடியாது, 16-பிட் நிரல்களுக்கான பகுதியே அதில் கிடையாது. பழைய டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரில் ஓட்டலாம். ஆனால் இந்த ஒரு கேமுக்கு எஸ்டிஎல்பாப் நல்லது. டாஸ் பதிப்பின் நிரலைப் பிரித்துப் படித்து, இன்றைய கணினிகளுக்காகத் திரும்ப எழுதியது அது. எஃப்6 அழுத்தினால் அந்த நிலை சேமிக்கப்படும், எஃப்9 அழுத்தினால் அங்கிருந்தே தொடரலாம். பழைய பதிப்பின் பிழைகளை வைத்துக்கொள்வதா திருத்துவதா என்பதையும் அமைப்புக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம்.

புதிதாக ஆடுபவர்களின் முதல் புகார், "கீயை அழுத்தினால் உடனே நகர மாட்டேன் என்கிறான்" என்பது. இந்த கேம் நொடிக்கு 12 ஃப்ரேம்தான் ஓடும். இளவரசன் வாளை உருவிவிட்டால் 10 ஆகும். நொடியின் அறுபதில் ஒரு பங்கை ஒரு துடிப்பாக வைத்து, சாதாரண நேரத்தில் ஐந்து துடிப்புக்கு ஒரு ஃப்ரேம், சண்டையில் ஆறு துடிப்புக்கு ஒரு ஃப்ரேம். மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோவில் எடுத்து, அதைப் பார்த்து வரைந்த அசைவுகள் இவை. ஓர் அசைவு முடியாமல் அடுத்தது தொடங்காது. ஆகவே கண் பார்த்ததும் கை அழுத்தினால் பிந்திவிடும்.

ஓடித் தாவும்போது விளிம்பில் சரியாக அழுத்தப் பார்ப்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். அதற்குத் தேவையே இல்லை. நாலைந்து எட்டு ஓடி வேகம் பிடித்ததும் மேல் அம்பை முன்கூட்டியே அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு கட்டத்துக்குள் பள்ளமோ ஈட்டியோ இருக்கிறதா என்று கேமே பார்க்கும். இருந்தால் விளிம்பு வரும்வரை காத்திருந்து அங்கே குதிக்க வைக்கும். தாவும்போது ஷிஃப்டையும் பிடித்திருந்தால் எதிர் விளிம்பைக் கையால் பற்றிக்கொள்வான். நின்ற இடத்திலிருந்து ஷிஃப்டுடன் அம்பை அழுத்தினால் சின்ன அடி வைத்து விளிம்பில் வந்து சரியாக நிற்பான். ஒரு தளம் விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு தளம் விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று தளம் என்றால் சாவுதான். இதை மனதில் வைத்து ஒவ்வொரு அறையையும் பாருங்கள். ஒரு திரைக்குக் குறுக்கே பத்து கட்டம், உயரத்தில் மூன்று வரிசை. கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

மொத்தம் 60 நிமிடக் கெடு. அந்தக் கடிகாரம் ஃப்ரேமை எண்ணுகிறது, ஒரு நிமிடத்துக்கு 720 ஃப்ரேம். சண்டையில் ஃப்ரேம் குறைவதால், வாளோடு நிற்கும்போது கேமின் ஒரு நிமிடம் நிஜத்தில் 72 நொடி. அதனால் காவலனிடம் பதறிப் பாய வேண்டாம். அவன் அடிக்க விட்டு, மேல் அம்பால் தடுத்து, உடனே ஷிஃப்டால் குத்துங்கள். மூன்றாம் லெவலில் வரும் எலும்புக்கூடு மட்டும் எவ்வளவு வெட்டினாலும் சாகாது. பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும்.

என் கணிப்பில் இது முழுசாக நிற்கிறது. விதிகள் குறைவு, எல்லாம் திரையிலேயே தெரிகிறது.

பிக்சல்தச்சன்

நிலவறை சொன்ன வேகக் கணக்கோடு டாஸ்பாக்ஸ் விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் 'சைக்கிள்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். எமுலேட்டர் ஒரு மில்லி நொடிக்கு எத்தனை கட்டளை ஓட்ட வேண்டும் என்பது அது. 'ஆட்டோ' என்று விட்டால் பழைய வகை நிரல்களுக்கு 3000 கொடுக்கும், பிற்கால 'புரொடெக்டட் மோட்' வகை நிரல்களுக்கு உங்கள் கணினியால் முடிந்த மட்டும் கொடுக்கும். 1980-களின் தொடக்கத்தில் 4.77 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் பிசிக்காக எழுதிய பல கேம்கள் நேரத்தைக் கணக்கிடாமல், வெறும் சுற்றை ஓட்டியே தாமதம் செய்தன. அவற்றுக்கு 3000 மிக அதிகம். ஏறக்குறைய 300-ல் தொடங்குங்கள். 386 செயலி காலத்து கேமுக்கு 6000 அளவில், அதற்கு அடுத்து வந்த 486 டிஎக்ஸ்2-66 செயலிக்கு 25,000 அளவில் வைத்துப் பாருங்கள். கேம் ஓடும்போதே கண்ட்ரோலுடன் எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். சரியான எண் கிடைத்ததும் 'ஃபிக்ஸ்டு' என்று போட்டு அந்த கேமுக்கென்றே தனி அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா கேமுக்கும் ஒரே கோப்பு என்றால் ஒன்று பறக்கும், இன்னொன்று தவழும்.

'ரன்டைம் எரர் 200' என்று வந்து நின்றால் கேம் கெட்டுப்போகவில்லை. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் போடும். கணினி ரொம்ப வேகம் என்றால் விடை கொள்ளாமல் வழிந்துவிடும். சைக்கிள்ஸைக் குறைத்தாலே திறந்துகொள்ளும்.

அடுத்தது திரை. டாஸ் கேம்களின் 320×200 படம், அந்தக் கால 4:3 மானிட்டரில் மேலும் கீழும் இழுபட்டுத்தான் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். இதைக் கவனிக்காவிட்டால் வட்டமெல்லாம் நசுங்கிய முட்டையாகத் தெரியும், ஆட்கள் குள்ளமாகிவிடுவார்கள். 'ஆஸ்பெக்ட்' வரியை 'ட்ரூ' ஆக்குங்கள். 1080 வரித் திரையில் 1440×1080 வர வேண்டும், இரு பக்கமும் கருப்புப் பட்டை இருக்கட்டும். 1600×1200 மானிட்டர் இருந்தால் அகலம் 5 மடங்கு, உயரம் 6 மடங்கு என்று துல்லியமாகப் பொருந்தும். டாஸ்பாக்ஸின் கிளைப் பதிப்பான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் எடுத்தால் இந்த விகிதம் தானாகவே சரியாக வரும்.

சிவப்புக்கதவு

டூம், துப்பாக்கிச் சண்டை கேம். 1993 டிசம்பர் 10-ல் வந்தது. இதற்கு டாஸ்பாக்ஸ் வேண்டாம். 1997-ல் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்டதால் நல்ல போர்ட்கள் (இன்றைய கணினிகளுக்கு மாற்றிய பதிப்புகள்) ஏராளம். கேம் தரவு இருக்கும் 'வாட்' கோப்பு மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

முதல் தடவை திரும்ப ஆடுபவர் சாக்லேட் டூமில் தொடங்குவது நல்லது. நொடிக்கு 35 ஃப்ரேம், 320×200, பழைய பிழைகள் உட்பட எல்லாம் அப்படியே. அந்த 35 கண்ணை உறுத்தினால் கிறிஸ்பி டூம். கேமின் கணக்கு 35-லேயே ஓடும், இடைப்பட்ட ஃப்ரேம்களைக் கூட்டிக் காட்டும், படமும் 640×400 ஆகும். ஜிஇசட்டூமில் மவுஸால் மேலே கீழே பார்க்கலாம், குதிக்கலாம். பழைய மேப்களை ஆடும்போது அந்த இரண்டையும் அணைத்து வையுங்கள். குதிக்க முடியாது என்று நம்பி வரைந்த மேப்களில் குதித்தால், சாவி தேடும் பாதையையே தாண்டிப் போய்விடுவீர்கள்.

மவுஸை முன்னால் தள்ளினால் ஆளும் முன்னால் போகிறானா? பழைய கேமின் வழக்கம் அது. செட்டப்பில் மவுஸின் செங்குத்து நகர்வை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் "டூம் கண்ட்ரோல் கேவலம்" என்கிறார்கள்.

இன்றும் இது நிற்பதற்குக் காரணம் எண்களில் இருக்கிறது. இம்ப் என்ற எதிரி வீசும் நெருப்புருண்டை ஒரு டிக்கில் (நொடியின் 35-ல் ஒரு பங்கு) 10 அலகு போகும். ஓடுகிற நீங்கள் ஒரு டிக்கில் 16-க்கு மேல் போவீர்கள். எதிரியின் அடி உங்களைவிட மெதுவாக வருகிறது, அதனால் ஒளிந்து நிற்காமல் நகர்ந்தே தப்பலாம். ஷாட்கன் ஒரு வெடிக்கு 7 குண்டு, ஒவ்வொன்றும் 5, 10 அல்லது 15 சேதம். ஏழும் பட்டால் சராசரி 70. இம்ப்பின் உயிர் 60. கிட்டப் போய் அடித்தால் பெரும்பாலும் ஒரே வெடியில் விழும், சில சமயம் விழாது. அந்தச் சின்ன நிச்சயமின்மைதான் ஒவ்வொரு அறையையும் உயிரோடு வைத்திருக்கிறது. பிஸ்டலில் விசையை விட்டு விட்டு அழுத்தினால் முதல் குண்டு சிதறாமல் நேராகப் போகும். செயின்கன்னைத் தட்டித் தட்டிச் சுட்டால் முதல் இரண்டும் நேர். தூரத்தில் நிற்பவனுக்கு இதுதான் வழி.

இசையையும் கவனியுங்கள். பாபி பிரின்ஸ் இதை ரோலண்ட் எஸ்சி-55 என்ற ஒலிக்கருவியில் அமைத்தார். விண்டோஸின் உள்ளமைந்த மிடியில் (இசைக்குறிப்பை ஒலியாக்கும் பகுதி) கேட்டால் சப்பென்று இருக்கும். ஃப்ளூயிட்சிந்த் என்ற மென்பொருளில் நல்ல சவுண்ட்ஃபான்ட் (கருவிகளின் ஒலித் தொகுப்பு) ஒன்றைப் போட்டுக் கேளுங்கள்.

ஆலமரம்95

ஊர் கட்டிப் படை திரட்டும் கேமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் II பற்றி நான் சொல்கிறேன். பழைய சிடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது.

1999-ன் மூலப் பதிப்பைவிட 2000-ல் வந்த கான்கரர்ஸ் விரிவாக்கத்தோடு ஆடுங்கள். காரணம் வயல். மூலப் பதிப்பில் வயல் தீர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கையால் திரும்ப விதைக்க வேண்டும். போரின் நடுவில் ஊர் பசியில் நிற்கும். கான்கரர்ஸில் ஆலையிலேயே விதைப்பை வரிசையில் போட்டுவைக்கலாம். மரக்கிடங்கு கட்டி முடித்தவன் தானாக மரம் வெட்டப் போவதும் அந்த விரிவாக்கத்தில் வந்ததுதான். இந்த இரண்டும் இல்லாமல் இன்று ஆடுவது கஷ்டம்.

விண்டோஸ் 7-ல் தண்ணீர் சிவப்பாகவும் புல் ஊதாவாகவும் தெரிந்தால் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். கேம் 256 வண்ணத் தட்டில் ஓடுகிறது, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் அந்தத் தட்டில் தன் வண்ணங்களை எழுதிவிடுகிறது. எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு ஆடுவது பழைய வைத்தியம். சிஎன்சி-டிட்ரா என்ற மாற்றுக் கோப்பைப் போடுவது மேல். அது இஎக்ஸ்இ இருக்கும் கோப்புறையிலேயே இருக்க வேண்டும். கான்கரர்ஸின் இஎக்ஸ்இ தனி உட்கோப்புறையில் இருப்பதால், முதன்மைக் கோப்புறையில் மட்டும் போட்டால் ஒன்றும் மாறாது. நண்பர்களோடு நெட்வொர்க்கில் ஆட விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் 'லெகசி காம்பொனென்ட்ஸ்' கீழே டைரக்ட்பிளேயை இயக்குங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே நிறுவாதீர்கள். அங்கே எழுத அனுமதியில்லாததால் சேமித்த ஆட்டம் விண்டோஸின் வேறொரு மூலைக்குப் போய்விடும், தேடி அலைய வேண்டும்.

சிடி உள்ளே இருந்தும் திறக்கவில்லை என்றால் நகலெடுப்பதைத் தடுக்க வைத்த சேஃப்டிஸ்க் பூட்டாக இருக்கலாம். விண்டோஸ் 10 முதல் அந்தப் பூட்டுக்கான டிரைவர் இல்லை. அந்தக் காலத்து பல சிடி கேம்களுக்கு இதே கதி. அப்போது 2019-ன் டெஃபினிட்டிவ் எடிஷன் வாங்குவதே நேர்வழி. வயல் தானாக விதைக்கும், குதிரைவீரன் தானாக வேவு பார்ப்பான். 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவில் திராவிடர் நாகரிகமும் ராஜேந்திர சோழன் படையெடுப்பும் சேர்ந்தன. உருமி வீசும் காலாட்படையும் திரிசடை கப்பலும் அவர்களுக்கே உரியவை. வூட்ஸ் எஃகு ஆய்வை முடித்தால் காலாட்படை, குதிரைப்படை அடிகள் எதிரியின் கவசத்தைக் கணக்கிலேயே எடுக்காது. கடல் வரைபடத்தில் ஆடிப் பாருங்கள்.

கடற்கரைச்சாலை

ஜிடிஏ கேம்களான வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் இரண்டுக்கும் ஒரே விதி. டிஸ்ப்ளே மெனுவில் 'ஃப்ரேம் லிமிட்டர்' ஆனில் இருக்கட்டும். "25–30 ஃப்ரேம்தான் வருகிறதே" என்று அணைத்தால் இயற்பியல் கெடும். வைஸ் சிட்டியில் கார் பின்னால் எடுக்க முடியாமல் திணறும், சான் ஆண்ட்ரியாஸில் நீச்சல் ஆமை வேகமாகும். காட்சி கொஞ்சம் குலுங்கினாலும் மிஷன்கள் இந்த வேகத்தில்தான் சோதிக்கப்பட்டவை. அடுத்து சைலண்ட்பேட்ச் என்ற திருத்தக் கோப்பு. மவுஸ் வேலைசெய்யாமல் போவது உட்பட தொல்லை தரும் பிழைகள் பலவற்றைச் சரிசெய்யும். இத்தகைய திருத்தங்களை கேமுக்குள் ஏற்றும் ஏஎஸ்ஐ லோடர் முதலில், பேட்ச் அப்புறம். அகலத் திரைக்கான திருத்தத்தைக் கடைசியாகப் போடுங்கள், ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு முறையும் கேமைத் திறந்து பாருங்கள். மூன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டுத் திறக்கவில்லை என்றால் எது காரணம் என்று தெரியாது.

நிலவறை

ஒளிந்து நுழைந்து சுடும் ஐஜிஐ கேம் பற்றி யாரும் எழுதவில்லை. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஓடாத நாள் இல்லை. 2000-ல் வந்தது, 14 மிஷன். மிஷன் நடுவில் சேமிக்கவே முடியாது. இன்று ஆடுபவர்களுக்கு அதுதான் பெரிய தடை. துப்பாக்கிச் சத்தமும் திறந்தவெளியும் இன்றும் நன்றாக இருக்கின்றன. காவலர்கள் விஷயம்தான் இன்று எடுபடவில்லை. அலாரம் அடித்துவிட்டால் பாசறையிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள், எண்ணித் தீர்க்க முடியாது. முதலில் பைனாகுலரில் கேமரா எங்கே என்று பாருங்கள், பாதுகாப்புக் கணினியில் அதை அணையுங்கள், பிறகு நுழையுங்கள்.

பிக்சல்தச்சன்

ஒரு சேர்க்கை. சிடியை இமேஜாக எடுத்து வைப்பவர்கள் ஐஎஸ்ஓவாக எடுக்காதீர்கள். 1990-களின் பல கேம்களில் இசை சாதாரண ஆடியோ டிராக்காக சிடியிலேயே இருந்தது, ஐஎஸ்ஓவில் அது வராது. கேம் ஓடும், பாட்டு இருக்காது. பின் (.bin), க்யூ (.cue) என்று இரண்டு கோப்பாக எடுத்து, டாஸ்பாக்ஸில் 'imgmount' கட்டளைக்கு க்யூ கோப்பைக் கொடுங்கள். க்யூ கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியில் இருக்கும் பின் கோப்பின் பெயர் சரியா என்று பாருங்கள். கோப்புக்கு வேறு பெயர் வைத்தவர்களுக்கு அங்கேதான் மாட்டும்.