கோசியஸ்கோ மலைமுகட்டில் ஓரிரவு: பனியோரத்துப் பூக்கள் (மலைநடையர் நால்வர் புனைபெயரில் பேசிக்கொண்டது)

பனித்திட்டு:
ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோ மலையில், சார்லட் பாஸில் தொடங்கும் மெயின் ரேஞ்ச் நடைப்பாதைச் சுற்று, 22 கி.மீ., நடுவில் ஓரிரவு. பாதையை விளக்க வேண்டியதில்லை. மனதை விட்டு அகலாதது ஒன்றுதான். டிசம்பர் கடைசி, அங்கே கோடை, தென்கிழக்குச் சரிவு. பனித்திட்டின் விளிம்பு கண்ணாடித் தகடாக மெலிந்திருந்தது. அதற்கு அடியிலேயே கால்தா என்ற சிறு மலைப்பூ மலர்ந்திருந்தது! வெள்ளை இதழ், லேசான இளஞ்சிவப்பு, காம்பே இல்லாததுபோல மண்ணோடு ஒட்டி, உருகும் நீர் மேலே ஓடிக்கொண்டிருக்க. முந்தைய பருவத்திலேயே மொட்டுக் கட்டிவிடுவதால் பனி முழுக்க விலகும்வரை அது காத்திருப்பதில்லை.

சரிவுப்பாதை:
டிசம்பர் கடைசி என்று தேதி குறித்தால் புதிதாகப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். கால்தாவுக்கும் அனிமோன் பட்டர்கப் என்ற இன்னொரு மலைப்பூவுக்கும் நாள் கணக்கே கிடையாது. பனி எங்கே பின்வாங்குகிறதோ அங்கே பூக்கும். சரிவையே வெண்மையாக்கும் வெள்ளி டெய்சி வேண்டுமென்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை. அந்த பட்டர்கப் இந்த மலைப்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஆடுமாடு மேய்ந்தே அழியப் போன செடி. 1944-க்குப் பிறகு முகடுகளில் மேய்ச்சல் நின்றதால்தான் மீண்டது. அதன் பக்கத்தில் கால் வைக்காதீர்கள், படம் எடுக்கவும்கூட.

காற்றுமுகடு:
எல்லோரும் பனியோரத்தையே பேசுகிறீர்கள். மவுண்ட் லீக்கும் கராதர்ஸ் சிகரத்துக்கும் நடுவிலுள்ள சரளை முகட்டில் குனிந்து பார்த்ததுண்டா? தரையோடு படரும் எபாக்ரிஸ் என்ற குறும்புதர் காற்று அடிக்கும் பக்கம் காய்ந்து சாகிறது, மறைவான பக்கம் வேர்விட்டு வளர்கிறது. செடியே முகட்டின் மேல் மெல்ல நகர்கிறது.

கூடாரம்:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ப்ளூ லேக், ஆல்பினா, கிளப், கூட்டாபட்டாம்பா ஏரிகளின் நீர்பிடிப்புப் பகுதியில் கூடாரம் போடக் கூடாது. வில்கின்சன்ஸ் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஈரப்பாசித் திட்டிலும் பூக்கள் மேலும் வேண்டாம், புல்தரைதான் தாங்கும். வாசல் கிழக்கே இருக்கட்டும், பெருங்காற்று மேற்கிலிருந்து. மண் ஆழமில்லாத இடத்தில் கூடார முளை பாதியிலேயே கல்லில் முட்டி நிற்கும், இரவுக் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். நான்கு மூலைக் கயிறுகளையும் கட்டுங்கள். கல்லில் கட்டினால் காலையில் கல்லை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

விறகு நெருப்புக்கு அனுமதி இல்லை, அடுப்பு மட்டும்தான். வெறும் பியூட்டேன் குப்பி வாங்காதீர்கள். சுழியம் டிகிரியை ஒட்டி அது ஆவியாகாது, ஜனவரி விடியலிலும் அந்தக் குளிர் வரும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலவை போதும்.

சுற்றைச் சம்மிட் ரோடு வழியாகத் தொடங்குபவர்களுக்கு: ஸ்னோயி ஆற்றின் படிக்கற்கள் கடைசியில்தான் வரும். பிற்பகல் இடிமழை பெய்தால் கற்கள் முழுகிவிடும். முதலிலேயே ஆற்றைக் கடக்கும் திசைதான் நல்லது. சீமன்ஸ் குடிலை நம்பிக் கூடாரத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 1928-இல் பனிப்புயலில் இருவர் இறந்த பிறகு கட்டிய குடில் அது, ஆபத்துக்கு மட்டும்.

சரிவுப்பாதை:
திசை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று விட்டுப்போச்சு: கிளம்பும் முன் பூட்ஸ் அடி, காலுறை, வெல்க்ரோ மூன்றையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். ஹாக்வீட் என்ற களைச்செடியின் விதை வெல்க்ரோவில்தான் ஒளிந்திருக்கும்.