காலமைக் கடையில குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி ஓடுமா? (திருகோணமலை)

உப்புவெளிப் பிள்ளை:
நானும் அம்மாவும் வீட்டு வாசல்ல காலமைக்கு ஒரு சின்னக் கடை போடலாம் எண்டு யோசிக்கிறம். வல்லாரை, முருங்கையிலை போட்ட இலைக்கஞ்சி, குரக்கன் (கேழ்வரகு) பிட்டு, பிறகு ஒடியல் மா (காயவச்ச பனங்கிழங்கு மா) பாக்கெட். அம்மா சொல்லுறா சனம் ரோல்சும் பராட்டாவும்தான் கேக்கும் எண்டு. ஆனா 2022ல கோதம்ப மா விலை ஏறின நேரம் நாங்க பட்ட பாடு எனக்கு மறக்கேல்ல, எங்கட ஊர்ச் சாமான் எண்டா உணவுப் பாதுகாப்பும்தானே. சரிவருமா?

மூதூர் அக்கா:
தங்கச்சி, கடையை விடுங்கோ, முதல்ல குரக்கனைப் பாருங்கோ. மாரி மழைக்கு விதைச்சு தை மாசியிலதான் வெட்டுறது, விலை இறங்கிற அந்த நேரமே வருஷத்துக்குக் காணக்கூடியதை வாங்கி நல்லாக் காயவச்சுக் கட்டிவையுங்கோ, தானியமா இருந்தா கன காலம் கிடக்கும், மாவாக்கினாத்தான் கெதியில மணம் மாறும், அதால கிழமைக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கோ. ஆவணியில போய்க் கடையில கிலோக்கணக்கில வாங்கினா இலாபம் போச்சு. ஒடியல் மாவை ஊறவச்சு தண்ணி இறுத்துக் கைப்பு எடுக்கவேணும் எண்டு பாக்கெட்டில எழுதுங்கோ, இப்பத்தைய பிள்ளையளுக்கு அது தெரியாது.

துறைமுகத்தான்:
நிலாவெளியில வெள்ளைக்காரனுக்குக் குரக்கன் ரொட்டி விக்கிற விலைக்கு எங்கட சனம் வாங்கேலாது. உணவுப் பாதுகாப்பு எண்டு பெரிசாச் சொல்லிப்போட்டு கடைசியில காசுள்ளவன்ர சாப்பாடாத்தான் முடியும். சீனன்குடா பிரிமா மில்லில அரைக்கிற கோதுமை முழுக்கக் கப்பல்ல வாறது, அது உண்மை, ஆனா அஞ்சு பேர் வயித்தை மலிவா நிரப்புறது அந்த மாதான்.

மூதூர் அக்கா:
தம்பி வடக்கில அம்மாச்சி உணவகத்தில சாப்பிட்டிருக்கிறீரா? விவசாயத் திணைக்களம் இடம் குடுக்குது, பொம்பிளையள் கண்ணுக்கு முன்னால சமைக்கினம், விலையும் மட்டு, கூலிவேலைக்காரரும்தான் வந்து சாப்பிடுகினம். கடைக்குப் பெரிய வாடகை இல்லாததாலதான் அந்த விலை கட்டுது. தங்கச்சிக்கும் வீட்டு வாசல்தானே.

கிண்ணியா நானா:
மூதூர் அக்கா சொல்றது சரி, முதல்ல மூலப்பொருளைத்தான் பாக்கணும். நாங்க எருமைத் தயிர் யாவாரம். லோன் தாறம், பயிற்சி தாறம் எண்டு வராத ஆள் இல்ல, ஆனா வயல் விதைச்ச பிறகு மாட்டைக் கொண்டு போக மேய்ச்சல் தரை இல்ல, பால் கொறஞ்சா சட்டியை அடுக்கி வச்சு என்ன செய்ய? மத்தது தங்கச்சி, பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தொடங்க முன்னமே போய்க் கண்டு பேசுங்க, கெணத்துத் தண்ணியைத்தான் முதல்ல கேப்பார்.

உப்புவெளிப் பிள்ளை:
நன்றி. ஒடியலைப் பிறகு பாப்பம், கஞ்சியும் பிட்டும் மட்டும் தொடங்கிறம். கோமரங்கடவல பக்கம் சேனையில (காடு வெட்டிச் செய்யிற பயிர்) குரக்கன் போடுற ஆக்களை ஆருக்காவது தெரியுமா? மூட்டையா நேர வாங்கலாம்.