பெரியப்பாவின் மாடுகளும் கொறங்காடும்

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பெரியப்பா காலமானதற்கு எழுதியிருந்த எல்லோருக்கும் நன்றி. வந்த மடல்களைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். கண்ணபுரத்துத் தேர், மாட்டுச்சந்தை சமயத்தில் பெரியப்பாவோடு மாடு ஓட்டிப்போன கதையை எழுதிய மாப்பிள்ளையின் மடலை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்தது. "மாடுகளை என்ன பண்ணப் போறீங்க?" என்று சிங்கப்பூரிலிருந்தும் டல்லாஸிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடு விற்பது பெரிய விஷயமே இல்லை. 2017 மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம் மாட்டுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பழையகோட்டை மாட்டுத்தாவணிக்கு (மாட்டுச்சந்தைக்கு) ஓட்டிப்போனால் நல்ல விலைக்கே போகும். யோசனையெல்லாம் பூச்சிக்காளையையும் (இனவிருத்திக்கு வைத்திருக்கும் காளை) கொறங்காட்டையும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) பற்றித்தான்.

குழுவில் இருக்கும் இளவட்டங்கள் பலர் கொறங்காட்டைக் காரில் போகும்போது பார்த்திருப்பார்கள், உள்ளே இறங்கியிருக்க மாட்டார்கள். பார்த்தால் சும்மா கிடக்கிற பொட்டல் மாதிரி இருக்கும். தரகர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் அது பயிர் செய்த நிலம்தான், பயிர் மட்டும் வேறு. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. மழை குறைந்த நம் பக்கத்துச் செம்மண்ணில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக வளரும். வெள்வேலின் நிழல் மெல்லியது, அதனால் அடியில் புல் சாகாது. கோடையில் புல் காய்ந்து நிற்கும்போது அதன் நெற்று மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி. ஒரு மழை பெய்தால் போதும், காய்ந்த தூரிலிருந்தே கொழுக்கட்டைப் புல் துளிர்த்துவிடும்.

காட்டைத் துண்டு துண்டாக வேலி போட்டுப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்றில் மேயும்போது மற்றது வளரும். பெரியப்பா, மழை பெய்ததும் கடவை (வேலி வாசலை) திறக்கவே விடமாட்டார். புல் விதை உதிர்த்த பிறகுதான் மாடு உள்ளே போகும். "பசிக்குதுன்னு நெல்லு வெதைய ஆக்கித் திம்பயாடா?" என்று என்னைத் திட்டியிருக்கிறார்.

வேலி ஒழுங்காக இருந்தால் மேய்க்க ஆள் வேண்டாம். காலையில் உள்ளே விட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். பெரியப்பா கோயில் வேலைக்கும் பஞ்சாயத்துக்கும் பள்ளிக்கூட மீட்டிங்குக்கும் முதல் ஆளாக வந்து நின்றது எப்படி என்று கேட்டால், அந்த வேலிதான் பதில். ஆனால் அது தானாக நிற்காது. வருஷா வருஷம் கவாத்து பண்ண வேண்டும், சந்து விழுந்த இடத்தில் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட வேண்டும். கையெல்லாம் முள் கிழித்த தழும்போடுதான் அவரைப் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் காளை. சுற்றுவட்டத்தில் யாருடைய மாடு பருவத்துக்கு வந்து கத்தினாலும் எங்கள் சாளைக்குத்தான் (தோட்டத்து வீட்டுக்கு) ஓட்டி வருவார்கள். அதற்குப் பெரியப்பா காசு வாங்கியதில்லை. காளைக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்துச் செலவு பண்ணியது அவர், கன்றுகள் ஊருக்கு. தன் கன்றே வளர்ந்து அதே காளையிடம் வந்துவிடக் கூடாது என்று சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு பட்டியிலிருந்து மாற்றுவார். எந்தக் கிடாரி எந்தக் காளைக்குப் பிறந்தது என்று கணக்கு முழுக்க மனதில் இருந்தது. எழுதி வைக்கவில்லை, அது இப்போது போய்விட்டது.

உள்ளதைச் சொன்னால், பால் கணக்கில் பார்த்தால் பெரியப்பா நஷ்டப்பட்ட விவசாயி. காங்கேயம் மாடு கன்று குடித்தது போக நேரத்துக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கொடுத்தால் பெரிது. கலப்பின மாடு வாங்கிய பங்காளிகள் சொசைட்டிக்குக் கேன் கேனாக ஊற்றி வீடு கட்டினார்கள். இவர் வருமானம் எருதில் இருந்தது. கன்று சிவப்பாகப் பிறந்து, மாசம் ஏற ஏற மயிலையாக (சாம்பல் நிறமாக) மாறி, ரெண்டு பல் போட்டதும் வண்டிக்குப் பழக்கி, ஜோடி சேர்த்து, சித்திரையில் கண்ணபுரத்துச் சந்தைக்குப் போகும். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய விலையில் ரெண்டு அத்தைகளுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டியது. இந்தக் குழுவில் இன்னும் ரெண்டு பேருடைய முதல் விமான டிக்கெட்டும் அந்தக் கட்டுத்தறியிலிருந்து வந்ததுதான். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியும். கிணற்றுக்கு மோட்டாரும் உழவுக்கு டிராக்டரும் வந்து எருதுக்கு வேலை போனபோது அந்த வருமானமும் சுருங்கியது. ஜெர்ஸிக்கு மாறச் சொல்லிப் பெரியம்மா போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. மனுஷன் கேட்கவில்லை. கன்று ஈனும் நாள் என்றால் சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூட வரமாட்டார், அந்த வருத்தம் அத்தைக்கு இன்னும் உண்டு.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது ஊரில் பாதிப் பட்டி காலியானது. அப்போது தன் மாடுகளில் சிலதை விற்றுவிட்டு, கடவைத் திறந்து பக்கத்துச் சாளை மாடுகளையும் உள்ளே விட்டார். எங்கள் அப்பாவுக்கு அதில் கோபம்தான். அடுத்த மழைக்குப் புல் வர ரொம்ப நாள் பிடித்தது என்பதும் உண்மை.

சரி, இப்போதைய நிலைமை. காடு நாலு பங்காகப் பிரிகிறது. சைட் போடக் கேட்டு ஒருவர் வந்தார், சோலார் பேனல் வைக்கக் குத்தகை கேட்டு இன்னொருவர். தம்பி மட்டும் ஆறு மாட்டையும் காளையையும் வைத்துக்கொள்ளத் தயார். திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். ஆனால் அவன் பங்கு மட்டும் மேய்ச்சலுக்குப் போதாது. அப்பாவும் சின்னப்பாவும் தங்கள் பங்கை விற்காமல் மேய்ச்சல் குத்தகைக்கு விடச் சம்மதித்திருக்கிறார்கள். அத்தை இன்னும் யோசிக்கிறார்கள், வற்புறுத்தவில்லை.

கிழக்கே இட்டேரியை (ரெண்டு பக்கமும் வேலி உள்ள வண்டித்தடம்) ஒட்டி இருக்கும் மூன்று காடு இந்தக் குழுவில் இருப்பவர்களுடையது. வேலி சரிந்து சீமைக்கருவேலம் ஏறிக் கிடக்கிறது. அதையும் தம்பிக்கு மேய்ச்சலுக்கு விட்டால், முள் வெட்டி வேலி கட்டும் செலவை அவன் ஏற்றுக்கொண்டு, வருஷக் குத்தகையும் தருவதாகச் சொல்கிறான். சும்மா வேண்டாம், எழுதிக்கொள்ளலாம் என்பது அவன் கட்சி, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் போத்து நட்டாக வேண்டும், அதனால் இந்த மாதக் கடைசிக்குள் எனக்குத் தனிமடல் போடுங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. ஒரு காடு இன்னும் அப்பாரு (தாத்தா) பேரிலேயே இருப்பதாகக் கேள்வி.