நீங்கள் ஏறியதிலேயே நீளமான அலை எது?

சென்னை

கேள்வியைப் போட்ட நானே ஆரம்பிக்கிறேன், அவரவர் ஊரிலிருந்து எழுதுங்கள். கோவளத்தில் சர்ஃபிங் (அலைச்சறுக்கு) பலகை பிடித்துப் பழகியவன் நான். அங்கே ஓர் அலை பத்து நொடி ஓடிவிட்டால் அன்றைக்கு மதியம் சாப்பாடு கூடுதலாக இறங்கும். அதனால் பெரு நாட்டின் சிகாமாவைப் பற்றி, ‘ஒரே அலை இரண்டு கிலோமீட்டர்’ என்று ஒருவர் சொன்னபோது கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ட்ருஹியோ நகரத்திலிருந்து வடக்கே பாலைவனத்தின் வழியாகப் போனால் புவேர்ட்டோ மலாப்ரிகோ என்ற மீனவ ஊர். மீன்தூள் ஆலைகளின் வாடை ஊருக்கு முன்பே வந்து வரவேற்கும். எனக்கு அது காசிமேட்டு வாடைதான், கூட வந்தவர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். 1965-இல் லிமாவில் உலகப் போட்டி முடிந்து ஊர் திரும்பும்போது, சக் ஷிப்மன் என்ற ஹவாய் சர்ஃபர் விமான ஜன்னல் வழியாகப் பார்த்த அலை இது. மேலிருந்து பார்த்தால் கடல் வரிவரியாக இருந்திருக்கும். அந்த மனிதருக்கு உள்ளங்கை அரித்திருக்காதா?

தெற்கே எங்கோ புயலில் பிறந்த அலை, கடலுக்குள் நீண்ட நிலமுனையைத் தொட்டதும் வளைந்து, கரையை ஒட்டியே ஓடுகிறது. மொத்தமாக ஒரே இடத்தில் சரியாமல், பாய் சுருட்டுவதுபோல ஓர் ஓரத்திலிருந்து உடைந்துகொண்டே வருகிறது. நம் கிழக்குக் கரையிலும் அலை தெற்கிலிருந்துதான் வருகிறது, ஆனால் நமக்கு அது ரைட், அதாவது அலைமேல் நிற்பவர் தன் வலப்பக்கம் போவார். அவர்கள் கடல் மேற்குப் பக்கம் என்பதால் அங்கே லெஃப்ட். இடது காலை முன்னால் வைத்து நிற்கிற நான் இரண்டு நாளும் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டேதான் போனேன்.

மூன்றாம் நாள் காலை அது கிடைத்தது. எழுந்து நின்றேன், திரும்பினேன், இன்னொரு தரம் திரும்பினேன். வழக்கமாக இந்த இடத்தில் அலை முடிந்திருக்கும். முடியவில்லை. ஒரு கட்டத்தில் என்ன செய்வதென்றே தெரியாமல் சும்மா நின்றேன். கரையில் ஒரு நாய் நடந்து போனதைப் பார்த்தேன், அதற்கும் நேரம் இருந்தது! தொடை எரிய ஆரம்பித்தது, அப்புறம் நடுங்கியது. கடைசியில் அலை என்னை விடவில்லை, நான்தான் அலையை விட்டேன். கைக்கடிகாரம் ஒரு நிமிடம் 50 நொடி என்று காட்டியது.

ஆரம்ப முனையிலிருந்து ஊர்ப் படகுத்துறை வரை ஒரே மூச்சில் இணைவது மிக அபூர்வம் என்று அங்குள்ளவர்களே சொன்னார்கள். அலை பகுதி பகுதியாகத்தான் ஓடுகிறது. எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுதான்.

அப்புறம் திரும்பி நடந்தேன். நீரோட்டத்தை எதிர்த்துக் கையால் துழாவி மேலே போக முடியாது. காசு இருப்பவர்கள் ரப்பர் படகில் போனார்கள். நான் பலகையை இடுக்கிக்கொண்டு, உடலை ஒட்டிய ஈர ரப்பர் உடுப்போடு (வெட்சூட்), வெறுங்காலில் முப்பத்தைந்து நிமிடம் நடந்தேன். ஒரு நாளைக்கு மூன்று அலைதான் தாங்கும், அதற்கு மேல் கால் இல்லை.

உல்லை

அண்ணை, நீங்கள் பெரு வரை போயிருக்கிறீர்கள். எங்களுக்கு வீட்டு வாசலிலேயே ஒன்று கிடக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் வெளிநாட்டார் அறுகம்பே என்று சொல்கிற இடம், எங்களுக்கு உல்லை. சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை சீசன். அலை உடைகிற முக்கிய இடமான மெயின் பாயிண்டில் ஆட்கள் கூடிவிட்டால் நான் வடக்கே பொத்துவில் பாயிண்டுக்குப் போய்விடுவேன். அங்கே மணல் நல்லபடி படிந்திருக்கிற வருடம் அலை கரையோடு உரசிக்கொண்டு நீளமாக ஓடும். மணல் படியாத வருடம் மூன்று துண்டாக உடையும்.

ஆனால் என் நீள அலை அங்கே இல்லை, தெற்கே உகந்தையில். முருகன் கோயில் இருக்கிற அதே உகந்தைதான். கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன் அங்கேதான் தங்குவார்கள். அன்றைக்கு விடிய நான்கு மணிக்குத் திரீவீலரில் போனோம், ஒரு யானை நடுறோட்டில் நின்று அரை மணித்தியாலம் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் நாங்கள் மூன்று பேர். நான் பிடித்த அலை முக்கால் நிமிடம் இருந்திருக்கும், அளக்கவில்லை. அலை ஓடி முடிகிற இடத்தில் காவி கட்டின சாமிமார் குளித்துக்கொண்டு நின்றார்கள். நான் வழுக்கிக்கொண்டு போய் ஒரு வயதான அம்மாவுக்கு முன்னால் நிற்கிறேன். அவ திடுக்கிட்டு, “அரோகரா” என்றா.

க்ளாஸ்டர், இங்கிலாந்து

என்னுடையது கடல் அலையே இல்லை, ஆற்று அலை. நான் இங்கே நர்ஸ். செவெர்ன் ஆற்றின் முகத்துவாரத்தில் கடல்மட்டம் ஏறி இறங்குகிற வித்தியாசம் பெரிய நாட்களில் 15 மீட்டரைத் தொடும். அவ்வளவு தண்ணீரும் குறுகிக்கொண்டே போகிற ஆற்றுக்குள் ஏறும்போது முன்விளிம்பு ஓர் அலையாக எழுந்து மேல்நோக்கி ஓடும். எப்போது வரும் என்று அட்டவணையே போடுகிறார்கள். 1955-இல் ஜாக் சர்ச்சில் என்ற ராணுவ அதிகாரி, தானே செய்த பலகையோடு முதன்முதலில் இதில் ஏறினாராம்.

கடலில் ஓர் அலையை விட்டால் அடுத்தது வரும். இங்கே ஒன்றுதான். விட்டால் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடிப்போய் காரில் ஏறி அலையை முந்திக்கொண்டு அடுத்த வளைவில் குதிக்க வேண்டும். நிஜமாகவே அப்படிச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இரவு டியூட்டி முடித்துவிட்டு நேராக மின்ஸ்டர்வொர்த்துக்குப் போய் இறங்கினேன். மார்ச் மாதக் குளிர். தண்ணீர் டீயில் கூடுதலாகப் பால் விட்ட நிறம். சத்தம்தான் முதலில் வந்தது. நின்று ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை, குப்புறப் படுத்தபடியே போனேன். இரண்டு நிமிடத்துக்கு மேல்! பக்கத்தில் ஒரு மரக்கிளையும் என்னோடு அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. கடைசியில் கிளை ஜெயித்தது, காலையும் பலகையையும் இணைக்கிற கயிற்றில் (லீஷ்) மாட்டி என்னைக் கரைப் புதருக்குள் இழுத்துவிட்டது. படுத்துக்கொண்டு போனது கணக்கில் சேருமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கோவை

அக்கா, தாராளமாகச் சேரும். ஆற்று அலையில் எண்கள் வேறு மாதிரி. சுமத்ராவில் கம்பார் ஆற்றின் ‘போனோ’ அலையில் 2016-இல் ஜேம்ஸ் காட்டன் என்ற ஆஸ்திரேலியர் 17.2 கிலோமீட்டர் போய் உலகச் சாதனை செய்தார். அதற்கு முன் பேர்பெற்றது பிரேசிலின் அரகுவாரி ஆற்று ‘பொரொரோக்கா’. 2003-இல் பிகுருதா சலசார் அதில் 37 நிமிடம் நின்றார். ஆனால் அந்த அலை இன்று இல்லை. எருமைப் பண்ணைகளும் வெட்டிய கால்வாய்களும் அணைகளும் சேர்ந்து ஆற்றின் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டன. அலைக்கும் சாவு உண்டு என்று எனக்கு அதில்தான் தெரிந்தது. பெரு நாட்டுக்காரர்கள் 2000-இலேயே அலைகளைக் காக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

என் சொந்த சாதனை ஆறு நொடி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மாமல்லபுரம்

எனக்கு 22 நொடி. கள்ளக்கடல் (காற்றில்லாமலே திடீரென்று பொங்குகிற கடல்) எச்சரிக்கை முடிந்த மறுநாள், சித்திரை மாதம். காற்றே இல்லை, ஆனால் அலை மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. கோயில் பக்கம் தொடங்கி எங்கள் குப்பத்துப் படகுகள் வரை போனேன். கரைக்கு வந்து கத்தினேன். தாத்தா வலை பிரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

அவர் கட்டுமரக்காரர். பெரிய அலை மூன்று போகும்வரை வெளியே காத்திருந்து, அடுத்ததின் முதுகில் மரத்தைப் போட்டு, ஒரே ஓட்டமாக மணலில் வந்து இறங்குவார். அவருக்கு அது வீடு திரும்புகிற வழி. அதற்கு ஒரு பெயர் வைத்து, ஜட்டியெல்லாம் தனியாக விற்கிறார்கள் என்பதை இன்றுவரை அவர் நம்பவில்லை.

சென்னை

தம்பி, உன் தாத்தாவிடம் ஒன்று சொல். ட்ருஹியோ பக்கத்தில் உவான்சாகோ என்று ஓர் ஊர். அங்கே மீனவர்கள் கோரைப்புல்லைக் கட்டி மூக்கு வளைந்த ஒரு மிதவை செய்து, பிளந்த மூங்கிலைத் துடுப்பாகப் போட்டு, இதேமாதிரி அலைமேல் ஏறிக் கரைக்கு வருகிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன்.

மாமல்லபுரம்

காட்டினேன் அண்ணா. கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “மீனை எங்கடா வச்சிருக்கான்?” என்று கேட்கிறார்.

சென்னை

பின்பக்கம் ஒரு குழி இருக்கும் பார். மீனும் வலையும் அதில்தான்.