தண்ணீருக்குள் எதற்கு விண்வெளிப் பயிற்சி? வகுப்பில் எப்படிக் காட்டுவது?

அணைக்கட்டு டீச்சர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் ஓடுகிறது. விண்வெளி வீரர்கள் குளத்தில் பயிற்சி எடுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "தண்ணிக்குள்ள எடை போயிடுமா டீச்சர்? அப்போ நம்ம ஊர்க் கிணத்துலயே பண்ணலாமே?" என்று கேட்டான். மிதப்பு விசை என்று சொல்லிக் கடந்துபோக மனசு வரவில்லை. குளத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? அதை ஒரு பக்கெட்டில் காட்ட முடியுமா? லேப் சாமான் அதிகம் கிடையாது.

பாலாற்றங்கரை:
எடை போகாது டீச்சர். விண்வெளி உடுப்புதான் மிதக்கிறது, உள்ளே இருக்கும் ஆளின் எடை அப்படியே இருக்கிறது. முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஹூஸ்டனில் உள்ள நாசா குளம் 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். விண்வெளி நிலையத்தின் பாகங்களை அதே அளவில் செய்து உள்ளே இறக்கியிருக்கிறார்கள். வீரர் இறங்கியதும், முக்குளிப்பவர்கள் எடைக்கட்டிகளையும் நுரைத் துண்டுகளையும் உடுப்பில் இடம் மாற்றி மாற்றிச் செருகுவார்கள். மேலே எழக்கூடாது, மூழ்கக்கூடாது. அதோடு, சாய்த்து விட்டால் சாய்ந்தபடியே நிற்க வேண்டும். கஷ்டமே இந்தக் கடைசி வேலைதான். பிறகு ஏறக்குறைய 6 மணி நேரம் வேலை. அழுத்தம் ஏற்றிய கையுறையில் விரலை மடக்குவது, காற்றடைத்த சைக்கிள் டியூபை மடக்குவது போல இருக்கும். நகமே பெயர்ந்துபோவது உண்டு.

குளம் இரண்டு இடத்தில் ஏமாற்றும். ஒன்று, தண்ணீரின் தடை. குளத்தில் தள்ளிய சாமான் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும், விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கும். அதனால் காற்றுப்படலத்தின் மேல் வழுக்கும் தளத்தில் தனிப் பயிற்சி உண்டு. இன்னொன்று, தலைகீழாகத் திரும்பினால் உடம்பின் பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். தோள்பட்டைக் காயத்துக்கு இது முக்கியக் காரணம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று பசங்க கேட்டால் 2013 ஜூலை 16ஐச் சொல்லுங்கள். விண்வெளி நடையின்போது இத்தாலிய வீரர் லூக்கா பர்மிட்டானோவின் ஹெல்மெட்டுக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் கசிந்தது. உடுப்பில் தண்ணீரைப் பிரிக்கும் பாகத்தின் துளைகள் அடைத்துக்கொண்டதுதான் காரணம். கண் தெரியாமல், மூக்கு வரை மூடிய நிலையில், பாதுகாப்புக் கயிற்றின் இழுப்பை வைத்தே வாசலுக்குத் திரும்பினார்.

சத்துவாச்சாரி:
பக்கெட் வேண்டாம் டீச்சர், உள்ளே தெரியாது. 20 லிட்டர் வாட்டர் கேனின் மேல்பகுதியை அறுத்துவிட்டு முக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். 200 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. மூடி வரை எத்தனை மில்லி பிடிக்கிறதோ அத்தனை கிராம், பிளாஸ்டிக்கின் கனத்துக்காக இன்னும் 10, 15 கிராம்: மூடியோடு மொத்த எடை அவ்வளவு வருகிற மாதிரி காய்ந்த ஆற்று மணல் போடுங்கள். மளிகைக் கடைத் தராசு போதும். கடைசித் துல்லியத்துக்கு ஜெம் கிளிப்பை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். கையை எடுத்தபின் ஒரு சாண் நகர 5 வினாடிக்கு மேல் ஆனால் போதும்.

இப்போது பாட்டிலைப் படுக்க வையுங்கள். மணல் ஒரு பக்கம் சேர்ந்து நிமிர்ந்துகொள்ளும். மணலைக் கொட்டிவிட்டு, அதே எடைக்கு இரும்பு நட்டுகளைப் பாட்டிலின் இடுப்பைச் சுற்றிச் சமமாக ரப்பர் பேண்டில் கட்டுங்கள். நட்டும் தண்ணீரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு எடை இழக்கும், அந்த அளவு கூட்டிக் கட்டுங்கள். இனிப் படுக்க வைத்தாலும் சாய்த்து வைத்தாலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். முக்குளிப்பவர்கள் செய்வது இதைத்தான்.

சொதப்புவது பெரும்பாலும் காற்றுக் குமிழால்தான். பாட்டில்மேல் ஒட்டியிருப்பதையும் ரப்பர் பேண்டுக்கு அடியில் இருப்பதையும் விரலால் தடவி விடுங்கள். மூடி கசிந்தால் பாட்டில் மெல்ல மெல்ல அடியில் போய் உட்காரும்.

ஜவ்வாதுமலை:
நிஜமான எடையின்மையையும் காட்டிவிடுங்கள் டீச்சர். பேப்பர் கப்பின் அடியில் பென்சில் கனத்துக்கு ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி 3 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். விழும் அந்த 0.8 வினாடியில் தண்ணீர் ஒழுகாது. செல்போன் ஸ்லோமோஷனில் நன்றாகத் தெரியும். விமானத்தை வளைவாக ஏற்றி இறக்கி 20 வினாடிக்கு மேல் இதையே நீட்டிக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் விடாதீர்கள். ரஷ்ய விண்கலமான சோயுஸ் வழக்கமாகத் திரும்பும்போது சுமார் 4 ஜி, அதாவது நம் எடையைப் போல நாலு மடங்கு; கோளாறாகி வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில் இறங்கினால் 8 ஜி. 60 கிலோ ஆள் 480 கிலோவாகக் கனப்பார். மார்பை இறுக்கி வைத்து வயிற்றால் மூச்சு விடுவதை, ஆளை வேகமாகச் சுழற்றும் மையவிலக்கு எந்திரத்தில் பழக்குகிறார்கள். மல்லாந்து படுப்பதும் அதனால்தான்; உட்கார்ந்தால் ரத்தம் தலையிலிருந்து இறங்கி மயக்கம் வரும். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்தின் வீரர்கள் நால்வரும் 2020 பிப்ரவரியிலிருந்து 2021 மார்ச் வரை ரஷ்யாவில் பயிற்சி எடுத்தார்கள்.

அணைக்கட்டு டீச்சர்:
ரொம்ப நன்றி சார். கிணற்றுக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

பாலாற்றங்கரை:
மிதப்பு கிணற்றிலும் அதேதான் டீச்சர். ஆனால் கலங்கல் தண்ணீரில் வீரரின் முகம் தெரியாது, ஏதாவது ஆனால் தூக்கவும் வழியில்லை. பசங்க தனியாக முயற்சி பண்ணவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.